தூண்டில் பக்கம்: மீனுக்கு மேலே இரை போடுங்கள்

இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கிராப்பி என்கிற வட அமெரிக்க ஏரி மீனைப் பற்றித்தான். டல்லாஸுக்கு வடக்கே இருக்கிற நம் ஆட்கள் வீட்டுக்கு வீடு படகு வாங்குகிறார்களோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. சரி, மற்ற மீன்களெல்லாம் அடுத்த மாதம் வரை நீந்திக்கொண்டிருக்கட்டும். சட்டம், அளவு என்று கீழே நான் சொல்வதெல்லாம் டெக்சஸுக்கு மட்டும். வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் அங்கே உள்ள விதிகளைப் பாருங்கள், டெக்சஸ்காரர்களும் ஒவ்வொரு செப்டம்பரிலும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வணக்கம் சார். நண்பனும் நானும் சேர்ந்து 12 அடி அலுமினியப் படகு ஒன்று பழசாக வாங்கினோம். பல வாரமாக ரே ராபர்ட்ஸ் ஏரிக்குப் போகிறோம். தண்ணீருக்குள் இருப்பதைத் திரையில் காட்டுகிற சாதாரண சோனார் பெட்டி ஒன்று இருக்கிறது, அதில் மீன் கூட்டம் கூட்டமாகத் தெரிகிறது. கடையில் வாங்கிய உயிர் மினோவைத்தான், அந்தக் குட்டி இரைமீனைத்தான், போடுகிறோம். ஈயம் தரையைத் தொட்டதும் ஓர் அடி தூக்கி வைத்துவிட்டுக் காத்திருக்கிறோம். கெளுத்தி வருகிறது, கிராப்பி வரவே இல்லை. இரையை மாற்ற வேண்டுமா? — வாசகர், பிளேனோ

இரையில் ஒரு குறையும் இல்லை, அது தொங்குகிற இடம்தான் தப்பு. தரையிலிருந்து ஓர் அடி என்பது கெளுத்திக்கு விருந்து வைக்கிற இடம், அது வருகிறது, சாப்பிடுகிறது, நன்றி சொல்லிவிட்டுப் போகிறது. கிராப்பிக்குக் கண்கள் தலையில் மேல்பக்கமாக இருக்கின்றன, வாயும் மேல்நோக்கித் திறக்கிற வாய். தனக்கு மேலே என்ன போகிறது என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கும், பிடித்திருந்தால் ஏறி வந்து எடுக்கும், தனக்குக் கீழே கிடப்பதற்காகத் தலையைக் குனிந்துகொண்டு இறங்குவது அபூர்வம். உங்கள் சோனாரில் மீன் 12 அடியில் நிற்கிறது என்றால் மினோ 11 அடியில் இருக்க வேண்டும், 10 அடியில் இருந்தாலும் பாதகமில்லை, ஆனால் 13 அடியில் இருந்தால் அது ஏரியில் இல்லாத மாதிரிதான்.

அதனால் ஏரிக்குப் போனதும் முதலில் கண்டுபிடிக்க வேண்டியது அன்றைக்கு மீன் எந்த ஆழத்தில் நிற்கிறது என்பதை. நீங்கள் இரண்டு பேர், இரண்டு தூண்டில். ஒருவர் 6 அடியில் போடுங்கள், இன்னொருவர் 10 அடியில் போடுங்கள், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அடிக்கு அடி மாற்றிக்கொண்டே வாருங்கள். ஒரு மீன் விழுந்ததும் அது எத்தனை அடியில் விழுந்தது என்று உடனே பாருங்கள், இரண்டு தூண்டிலையும் அதே ஆழத்துக்கு வையுங்கள். கிராப்பி தனியாக நிற்கிற மீன் அல்ல. ஒன்று இருக்கிற மட்டத்தில்தான் மற்றவையும் இருக்கும், அடுத்த மரத்துக்குப் போனாலும் பெரும்பாலும் அதே மட்டம்தான்.

கோடையில் இது இன்னும் முக்கியம். ஜூலை, ஆகஸ்டில் ஏரித் தண்ணீர் இரண்டு அடுக்காகப் பிரிந்துவிடும், மேலே சூடான தண்ணீர், கீழே குளிர்ந்த தண்ணீர், இரண்டும் கலக்காது, கீழ் அடுக்கில் ஆக்சிஜன் தீர்ந்துகொண்டே போகும். ‘வெயிலுக்கு மீன் ஆழத்துக்குப் போயிருக்கும்’ என்று 35 அடியில் இரையைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கிறேன், அங்கே மூச்சு விடவே வழியில்லாதபோது கிராப்பி எப்படி இருக்கும்? பிரிகிற இடத்துக்குக் கொஞ்சம் மேலே, மரக்கிளையோ பாலத்தூணோ இருந்தால் அதை ஒட்டி நிற்கும்.

இன்னொன்று, தக்கையைப் பாருங்கள். தக்கை உள்ளே முங்கினால்தான் கொத்து என்று நம் மனசில் பதிந்திருக்கிறது. கிராப்பி கீழிருந்து ஏறி வந்து இரையை எடுத்து, அப்படியே மேலே தூக்கிக்கொண்டு போகும்போது ஈயத்தின் கனம் தூண்டில் நரம்பில் இருக்காது, அதனால் நட்டுக்கொண்டு நின்ற தக்கை பொத்தென்று படுத்துவிடும். அதுவும் கொத்துதான். நீங்கள் ‘அலை போல’ என்று விட்டிருப்பீர்கள்.

கேள்வி: கடைக்குப் போனால் ஒரு சுவர் முழுக்கக் கலர் கலராகத் தொங்குகிறது. தலை சுற்றுகிறது. எனக்கும் என் கணவருக்கும் சேர்த்து உண்மையில் என்னென்ன வேண்டும்? — வாசகி, ஃபிரிஸ்கோ

அந்தச் சுவரில் முக்கால்வாசி மீனைப் பிடிக்க அல்ல, நம்மைப் பிடிக்க. 10 அடி நீளக் கிராப்பிக் குச்சி இரண்டு வாங்குங்கள், ஊரில் மூங்கில் குச்சியில் தூண்டில் போட்டவர்களுக்குக் கையில் எடுத்ததுமே பழகிவிடும். படகை மரத்துக்கு மேலேயே கொண்டு போய் நிறுத்தாமல், தள்ளி நின்று இரையை நேராகக் கிளைகளுக்கு நடுவே இறக்கலாம் என்பதுதான் நீளக் குச்சியின் லாபம். 6 பவுண்டு தாங்குகிற நரம்பு போதும், கிளை அதிகமாக இருக்கிற இடத்துக்கு 8 பவுண்டு. மெல்லிய கம்பியில் செய்த ஏபர்டீன் முள், 4 அல்லது 2 எண். ஏன் மெல்லிசு என்றால், முள் மரத்தில் மாட்டிக்கொள்ளும், கட்டாயம் மாட்டும், அப்போது நிதானமாக இழுத்தால் நரம்பு அறுவதற்குள் முள் நிமிர்ந்து வெளியே வந்துவிடும், அதை விரலால் வளைத்து மறுபடி போடலாம். கூடவே நரம்பில் ஏறி இறங்குகிற தக்கை நாலைந்து, சின்ன ஈயக்குண்டு ஒரு டப்பா.

ஜிக், அதாவது முள்ளிலேயே ஈயத்தலை வைத்த செயற்கை இரை, வாங்குவதானால் 1/16 அவுன்ஸ், காற்று அதிகமான நாளுக்கு 1/8. நிறத்தைப் பற்றி ஆளுக்கு ஆள் சத்தியம் செய்வார்கள், நான் பார்த்தவரை தெளிந்த தண்ணீருக்கு வெள்ளை, கலங்கலுக்குக் கறுப்பும் மஞ்சள்பச்சையும் கலந்தது, இதற்கு மேல் ஆராய்ச்சி தேவையில்லை. ஆனால் முடிச்சைக் கவனியுங்கள். தண்ணீருக்குள் ஜிக் படுக்கைவாட்டில் தொங்க வேண்டும், நட்டுக்கொண்டு தொங்கினால் எந்தக் குட்டி மீனும் அப்படி நீந்தாது. ஒவ்வொரு மீன் பிடித்த பிறகும் முடிச்சு இடம் மாறியிருக்கும், விரலால் சரி செய்துவிட்டுப் போடுங்கள். அப்புறம், ஜிக்கை ஆட்டவே வேண்டாம். கை நடுக்கமும் படகு அசைவும் போதும்.

ஒரு கைவலை அவசியம். கிராப்பியின் வாய் காகிதம் மாதிரி, பலமாகச் சுண்டினால் கிழிந்துவிடும். கொத்தியதும் குச்சியை மெதுவாக உயர்த்துங்கள், தளரவிடாதீர்கள், படகருகே வந்ததும் வலையில் ஏந்துங்கள். மீனைக் குச்சியாலேயே தூக்கிப் படகுக்குள் வீசுகிற வீரம் எல்லாம் வேண்டாம்.

கேள்வி: எங்கள் படகு சின்னது, 14 அடி. கொஞ்சம் காற்று அடித்தாலும் ஒரு இடத்தில் நிற்பதில்லை. பின்பக்கத்திலிருந்து நங்கூரம் போட்டால் நன்றாக நிற்கும் என்று ஒருவர் சொன்னார். சரியா? — வாசகர், மெக்கின்னி

அந்த ஒருவரின் பேச்சைத் தயவுசெய்து கேட்காதீர்கள். சின்னப் படகில் பின்பக்கம்தான் தாழ்வு, மோட்டார், பாட்டரி, நீங்கள் என்று எல்லாக் கனமும் அங்கேதான் இருக்கிறது. அங்கே நங்கூரத்தைக் கட்டினால் காற்றும் அலையும் பின்பக்கத்தின் மேல்தான் வந்து மோதும், நங்கூரக் கயிறு அதை எழும்ப விடாமல் கீழே இழுத்துப் பிடித்திருக்கும், இரண்டு அலை உள்ளே ஏறினால் போதும், சொல்லி முடிப்பதற்குள் படகு நிரம்பிவிடும். நங்கூரம் எப்போதும் முன்மூக்கில்தான். கயிறு ஆழத்தைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு நீளம் விடுங்கள், 10 அடித் தண்ணீரில் 12 அடிக் கயிற்றை விட்டால் நங்கூரம் பிடிக்காது, இழுபட்டுக்கொண்டே வரும்.

ரே ராபர்ட்ஸ் போன்ற ஏரியில் உங்களுக்கு நங்கூரம் பாதி நாள் தேவையே இல்லை. 1980களில் அணை கட்டித் தண்ணீர் தேக்கியபோது மூழ்கிய மரங்கள் பல இடங்களில் இன்னும் நட்டுக்கொண்டு நிற்கின்றன. காற்று வருகிற திசைக்கு மூக்கைத் திருப்பி, மெதுவாகப் போய், முன்பக்கக் கயிற்றை ஒரு மரத்தில் கட்டிவிட்டு, பின்னால் இருக்கிற மரங்களைச் சுற்றி இரையை இறக்குங்கள். மரத்தில் இடிக்காமல் போங்கள், இடித்தால் அந்த மரத்து மீன் கொஞ்ச நேரத்துக்கு வாயைத் திறக்காது. நிழல் விழுகிற பக்கத்தை முதலில் பாருங்கள். 20 நிமிடம் ஆகியும் ஒன்றும் இல்லை என்றால் அடுத்த மரம். ‘இன்னும் அஞ்சு நிமிஷம்’ என்று ஒரே மரத்தைக் கட்டிக்கொண்டு மதியம் வரை இருப்பவர்கள்தான் வெறும் கையோடு வருகிறார்கள்.

படகின் உள்பக்கம் ஒரு தகடு ஒட்டியிருக்கும், எத்தனை பேர், எத்தனை பவுண்டு, எவ்வளவு குதிரைத்திறன் என்று. ஐஸ் பெட்டியும் பாட்டரியும் அந்தக் கணக்கில்தான் வரும், ‘சின்னப் பையன்தானே’ என்று மூன்றாவது ஆளை ஏற்றும் முன்னால் கூட்டிப் பாருங்கள். ஆளுக்கு ஒரு உயிர்காப்புச் சட்டை படகில் இருந்தே ஆக வேண்டும், 13 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் படகு ஓடும்போது போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், இது சட்டம். பெரியவர்களுக்குச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, நான் கட்டாயப்படுத்துகிறேன். மார்ச் மாதத் தண்ணீரில் விழுந்தால் முதல் நிமிடத்தில் மூச்சே வாங்க முடியாது, ஊர்க் கிணற்றில் எத்தனை வருஷம் நீச்சல் அடித்திருந்தாலும் சரி. பெட்ரோல் மோட்டார் வைத்திருப்பவர்கள் ஆள் விழுந்தால் மோட்டாரை நிறுத்துகிற அந்தச் சிவப்புச் சுருள் கயிற்றை உடம்பில் மாட்டிக்கொள்ளுங்கள், 3 குதிரைத்திறனும் அதற்கு மேலும் உள்ள சின்னப் படகுகள் வேகமாகப் போகும்போது அதை மாட்டியிருக்க வேண்டும் என்று 2021 ஏப்ரல் முதல் அமெரிக்கா முழுக்க விதி. இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை, பாட்டரியில் ஓடுகிற சின்ன மோட்டார் வைத்தாலும் டெக்சஸில் படகைப் பதிவு செய்தாக வேண்டும்.

கிளம்பும்போது படகிலும் மினோ வாளியிலும் இருக்கிற தண்ணீரை முழுக்க வடித்துவிடுங்கள், இதுவும் சட்டம். ஜீப்ரா மட்டி என்கிற, வெளியிலிருந்து வந்து ஏரிகளைக் கெடுக்கிற சின்னச் சிப்பி 2009ல் டெக்சோமா ஏரியில் தெரிந்தது, அங்கிருந்து ரே ராபர்ட்ஸ், லூயிஸ்வில் என்று பரவிவிட்டது. கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகளாக அது பயணம் செய்வது நம் படகில் தேங்கிய தண்ணீரில்தான்.

கேள்வி: கிராப்பி கரைக்கு வரும் என்கிறார்களே, எந்த மாதம்? போன வருஷம் ஏப்ரல் கடைசியில் போனோம், ஒன்றும் இல்லை. — வாசகர், இர்விங்

மாதத்தைப் பார்க்காதீர்கள், தண்ணீரின் சூட்டைப் பாருங்கள். 60 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியதும் ஆண் மீன்கள் கரையோரம் வந்து கூடு துடைக்க ஆரம்பிக்கும், 65ஐ ஒட்டி முட்டையிடுதல் மும்முரமாக இருக்கும், 70ஐத் தாண்டினால் அநேகமாக முடிந்தது. டெக்சஸின் வடக்கில் இது பெரும்பாலும் மார்ச்சிலிருந்து ஏப்ரல் நடு வரை, நீங்கள் போனபோது கல்யாணம் முடிந்து பந்தலைப் பிரித்திருப்பார்கள். அந்த நாட்களில் ஆண் மீன் உடம்பெல்லாம் கறுத்து, 2 அடி முதல் 6 அடித் தண்ணீரில் கூட்டைக் காத்துக்கொண்டு நிற்கும். பெண் மீன் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும், அதற்கு முன்னாலும் பின்னாலும் 8, 10 அடியில்தான் இருக்கும், பெரிய மீன் வேண்டும் என்பவர்கள் அங்கே தேடுங்கள். நடுவில் ஒரு வடகாற்று அடித்துக் குளிர்ந்துவிட்டால் எல்லாம் பின்வாங்கி, பக்கத்தில் இருக்கிற ஓடையின் பழைய பள்ளத்துக்குப் போய்விடும், இரண்டு மூன்று நாள் வெயில் அடித்தால் திரும்பி வரும்.

சில வருஷம் நல்ல அளவு மீனே கிடைக்காமல் போவதும் உண்டு. ஒரு வசந்தத்தில் தண்ணீர் ஏறிக் கரைப் புல்லெல்லாம் முங்கியிருந்தால் அந்த வருஷக் குஞ்சுகள் ஏராளமாகப் பிழைக்கும், வறண்ட வருஷத்தில் பிழைப்பது குறைவு. இரண்டு மூன்று வருஷம் கழித்து அதன் பலன் நம் தூண்டிலில் தெரியும்.

கேள்வி: லைவ்ஸ்கோப் இல்லாமல் இந்தக் காலத்தில் கிராப்பி பிடிக்க முடியுமா? — வாசகர், ஆஸ்டின்

முடியும். மீன் அசைவதை அப்படியே திரையில் காட்டுகிற அந்தச் சோனாரைக் கார்மின் கம்பெனி விற்க ஆரம்பித்ததே 2018ல்தான், கிராப்பியை அதற்கு முன்னால் தாத்தாக்கள் பிடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். மிசிசிப்பியில் ஈனிட் அணையில் 1957ல் பிடித்த 5 பவுண்டு 3 அவுன்ஸ் வெள்ளைக் கிராப்பிதான் இன்றைக்கும் உலக சாதனை. மீன் இரையைப் பார்த்து ஏறி வருவதைத் திரையில் பார்ப்பது சுகமாகத்தான் இருக்கிறது, நான் மறுக்கவில்லை, ஆனால் ஆயிரம் டாலருக்கு மேல் கொடுத்து முதல் வருஷத்திலேயே அதை வாங்கினால் ஏரியைப் படிக்காமல் திரையை மட்டும் படிப்பீர்கள். முதலில் ஆழத்தையும் தரையையும் காட்டுகிற சாதாரணப் பெட்டி போதும்.

கேள்வி: 10 அங்குலத்துக்குக் குறைந்ததைத் திருப்பி விட வேண்டும் என்று படித்தேன். ஆனால் லேக் ஃபோர்க்கில் டிசம்பரில் ஒருவர் சின்ன மீனையும் ஐஸில் போட்டுக்கொண்டிருந்தார். கேட்டால் அதுதான் சட்டம் என்கிறார். ஏமாற்றுகிறாரா? — வாசகர், டைலர்

இல்லை, அவர் சொன்னது உண்மை. பொதுவாக டெக்சஸில் வெள்ளைக் கிராப்பி, கறுப்புக் கிராப்பி இரண்டும் சேர்த்து ஒருவருக்கு ஒரு நாளைக்கு 25, குறைந்தது 10 அங்குலம். மீனைப் படுக்க வைத்து, வாயை மூடி, வாலைச் சேர்த்துப் பிடித்து அளக்க வேண்டும். ஆனால் லேக் ஃபோர்க்கிலும் லேக் ஓ த பைன்ஸிலும் டிசம்பர் 1 முதல் பிப்ரவரி கடைசி வரை குறைந்தபட்ச நீளமே கிடையாது, முதலில் பிடிக்கிற 25ஐயும் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த மாதங்களில் மீன் மிக ஆழத்தில் இருக்கும், அங்கிருந்து சரசரவென்று மேலே கொண்டுவந்தால் உள்ளே இருக்கிற காற்றுப்பை ஊதிவிடும், திருப்பி விட்டாலும் பெரும்பாலானவை பிழைக்காது. செத்து மிதப்பதற்குப் பதில் வீட்டுக்குப் போகட்டுமே என்றுதான் அந்த விதி. மற்ற ஏரிகளிலும் இதை மனதில் வைத்து, ஆழத்தில் தொடர்ந்து சின்ன மீனாகவே வந்தால் இடத்தை மாற்றிவிடுங்கள்.

கேள்வி: குழம்பு வைத்தால் கரைந்து போகிறது. என்ன செய்யலாம்? — வாசகி, கோப்பெல்

குழம்புக்கு ஏற்ற மீன் அல்ல அது, சதை மெத்தென்று இருக்கும், கொதியில் நிற்காது. முதுகெலும்பை ஒட்டி இரண்டு பக்கமும் சதையை அறுத்து, தோலை நீக்கி, மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, கொஞ்சம் எலுமிச்சை தடவி, மேலே அரிசிமாவோ சோளமாவோ தூவி, தோசைக்கல்லில் பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிடம். குழம்பு வேண்டும் என்று அடம்பிடித்தால் தலையையும் நடு எலும்பையும் போட்டு வைத்து, அடுப்பை அணைக்கிற நேரத்தில் சதையைப் போடுங்கள், கரண்டி போடாமல் சட்டியைச் சுற்றி ஆட்டுங்கள். பிடித்ததுமே ஐஸும் தண்ணீரும் கலந்த பெட்டியில் போட்டால் சதை இறுகும். ஆனால் ஏரியில் இருக்கும்போதே அறுத்து எடுக்கக் கூடாது, கரை சேரும் வரை தலையும் வாலும் மீனோடு இருக்க வேண்டும், அதிகாரி அளந்து பார்க்க.

கேள்வி: இதன் குஞ்சுகளை ஊருக்குக் கொண்டுவந்து எங்கள் குளத்தில் விட முடியுமா? நல்ல ருசி என்கிறார்கள். — வாசகர், பொள்ளாச்சி

வேண்டவே வேண்டாம் ஐயா. 1952ல் ஜிலேபி மீனை இந்தியாவுக்குக் கொண்டு வந்தார்கள், அது எந்தக் குளத்தில் என்ன செய்தது என்று உங்களுக்கே தெரியும். கிராப்பி குட்டி மீன்களைத் தின்று வளர்கிற மீன், வட அமெரிக்காவிலேயே சின்னக் குளங்களில் விட்டால் பெருகிப் பெருகி எல்லாம் விரல் நீளத்தில் நின்றுவிடும். உங்கள் குளத்தில் விரால் இருந்தால் அதைக் காப்பாற்றுங்கள்.

கேள்வி: மே மாதம் அப்பா ஊரிலிருந்து வருகிறார். வயது 68. அவரை ஏரிக்குக் கூட்டிப்போக ஆசை. மூத்தவர்களுக்கு லைசென்ஸ் சலுகை உண்டா? — வாசகர், ஆலன்

அந்த மூத்தோர் சலுகை டெக்சஸில் குடியிருப்பவர்களுக்குத்தான், ஊரிலிருந்து வருகிறவருக்குப் பொருந்தாது. அவருக்கு வெளியூர்க்காரர் லைசென்ஸ் வேண்டும், ஒரு நாளைக்கு மட்டும் எடுக்கிற லைசென்ஸும் இருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மாநிலப் பூங்காவுக்குள் கரையிலிருந்து பிடிக்க யாருக்கும் லைசென்ஸே தேவையில்லை. ரே ராபர்ட்ஸில் ஐல் டு பாய், ஜான்சன் பிராஞ்ச் இரண்டுமே மாநிலப் பூங்காப் பகுதிகள். நுழைவுக் கட்டணம் மட்டும் கட்டுங்கள். ஜூன் வரை இருப்பார் என்றால் ஜூன் முதல் சனிக்கிழமை டெக்சஸ் முழுக்க லைசென்ஸ் இல்லாமல் மீன் பிடிக்கலாம், படகிலும் ஏற்றலாம். மே கடைசியில் கிராப்பி கரையை விட்டுப் போயிருக்கும், அதனால் விடிவதற்கு முன்னால் கிளம்பி, மரங்கள் இருக்கிற இடத்தில் 10, 12 அடியில் ஆரம்பித்துப் பாருங்கள். இருட்டில் போகிறீர்கள் என்றால் முன்னால் சிவப்பு, பச்சை விளக்கும் பின்னால் வெள்ளை விளக்கும் எரிய வேண்டும். அப்பாவுக்கு நீளக் குச்சியைக் கொடுங்கள், சுழல் பெட்டி வைத்த தூண்டிலை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.